பொது மெஷினில் நான் எழுதிய ஒரு வரி

கிரிட்டை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு ஒரு கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, சமோசா கொடுத்து, இப்போது ஒரு நினைவு மலரும் போடப் போகிறார்கள். காட்பாடிக் கல்லூரியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சங்கீதா கூட்டம் முடிந்த மறுநாளே போன் செய்தாள்.

"சார், ஆரம்பத்துலருந்து கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். கிரிட் கட்டின கதைய ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. போட்டோ ஒன்னு வேணும். நல்ல விஷயமா எழுதுங்க சார்."

கடைசி வாக்கியத்தை அவள் இழுத்துச் சொன்னதிலிருந்து என் வாயைப் பற்றி யாரோ அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. போட்டோவை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். கதைதான் இது. மலரில் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டாலும் எழுதத்தான் வேண்டும். பதினைந்து வருடமாக நான் மறைத்து வைத்திருந்த ஒரு வெட்கக்கேட்டை இனிமேலும் என்னால் சுமக்க முடியாது.

என் பெயர் பால்ராஜ். வீடு சத்துவாச்சாரி. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் மூன்று வருடம், பிறகு கல்லூரி லேபில் கேபிள் இழுக்கிற வேலை, அங்கிருந்தே மெல்ல மெல்ல மேலே வந்து சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'சிஸ்டம் சார்' என்பார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நிறைந்த கட்டிடத்தில் ஒரு டிப்ளமோக்காரனுக்கு அந்த 'சார்' கிடைத்தது எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

கிரிட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெரிய கணக்கை ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். பல ஊர்களில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களை ஒயரால் சேர்த்து ஒன்றாக வேலை வாங்கினால் இரண்டு நாளில் முடியும். நாங்கள் நான்கு கல்லூரிகளைச் சேர்த்தோம். எங்களுடையது ஒன்று, வேலூரில் ஒரு மகளிர் கல்லூரி, வாலாஜாபேட்டையில் ஒன்று, ஆம்பூர் பக்கம் ஒன்று. ஒவ்வொரு கல்லூரியும் தன் லேப் மெஷின்களைச் சும்மா இருக்கும் நேரத்தில் கொடுத்தது. அதுபோக நான்கு கல்லூரிக்கும் பொதுவாக வந்த பதினாறு பெரிய மெஷின்கள். ஜெனரேட்டரும் ஏசியும் ஒழுங்காக இருந்தது எங்கள் கட்டிடத்தில்தான் என்பதால் அவை எங்களிடம் வைக்கப்பட்டன. ஆராய்ச்சி செய்கிற எவரும் தன் ஊரில் உட்கார்ந்தபடியே ஒரு வேலையை அனுப்பலாம். எந்த மெஷின் காலியோ அதில் அது ஓடும். பிற்பாடு கிளவுட் வந்தபோது இதே பதினாறு மெஷின்களைத்தான் துண்டு துண்டாகப் பிரித்துப் புதுப் பெயர் வைத்தோம். கேபிள் பழைய கேபிள்தான்.

விதி இரண்டே இரண்டு. லேப் மெஷினுக்கு வீட்டுக்காரர் விதி. அந்தக் கல்லூரி மாணவன் வந்து கீபோர்டைத் தொட்டால், வெளியூர் வேலை எதுவாக இருந்தாலும் எழுந்து போய்விட வேண்டும். போன வேலை மறுபடி வரிசையில் நிற்கும், முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவனுடைய மெஷின், அவனுக்குத்தான் முதல் உரிமை, அது நியாயம். பொது மெஷின் பதினாறுக்கும் அந்த விதி கிடையாது. அங்கே வீட்டுக்காரர் என்று யாரும் இல்லை. முதலில் வந்தது முதலில் ஓடும், உட்கார்ந்த வேலையை யாரும் எழுப்பக் கூடாது.

இந்த இரண்டாவது விதியை எழுதியவர் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் எபனேசர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெஷின் ரூமுக்குள் செருப்போடு யாரும் வரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். பேராசிரியர்கள் முகம் சுளித்துக்கொண்டு வாசலில் உதறிவிட்டு வருவார்கள். அவர் மட்டும் குனிந்து, ஷூவின் லேஸை அவிழ்த்து, இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். அவருடைய துறையின் ரூம், அவருக்குக் கீழே வேலை செய்கிறவன் நான், ஆனாலும் தட்டாமல் வந்ததில்லை. அட்டெண்டரைக்கூட 'நீங்க' என்பார். சட்டைப் பையில் ஒரு பென்சில், பழைய வினாத்தாளின் பின்பக்கம், இவை இரண்டும் இருந்தால் அவருக்குப் போதும். கட்டளை என்று எதுவும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "இப்படிச் செஞ்சா என்ன ஆகும் பால்ராஜ்?" என்று கேட்பார். நாம் யோசித்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், "பாருங்க" என்பார். அந்தப் 'பாருங்க'வுக்குச் செய்துவிடுங்கள் என்று அர்த்தம்.

நான்கு கல்லூரி முதல்வர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்த நாளில் ஆம்பூர் முதல்வர் வெளிப்படையாகவே கேட்டார்.

"மெஷினு உங்க பில்டிங்ல, சாவி உங்க கைல, ஆளு உங்க ஆளு. எங்க பசங்க அனுப்பற வேலை கடைசில நிக்கும். அப்படித்தானே?"

எபனேசர் சார் வினாத்தாளைத் திருப்பி அதில் ஒரு கோடு போட்டார். "இதுதாங்க வரிசை. ஒன்னே ஒன்னு. எங்க பையனும் இதுலதான் நிப்பான், உங்க பொண்ணும் இதுலதான் நிப்பா. பால்ராஜ் பாத்துப்பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

ஒயர் இழுத்த காலத்தைப் பற்றி எழுதினால் மலருக்கே போதுமான சரக்கு இருக்கிறது. நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி குலுங்கிவிடும் என்று அதை மடியில் வைத்துக்கொண்டு எபனேசர் சார் பஸ்ஸில் ஆம்பூர் வரைக்கும் வந்தது, வாலாஜாபேட்டை மெஷினின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடி எங்கள் மெஷின்களோடு சண்டை பிடித்தது, எல்லாம் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆம்பூர் லேப் மெஷின்கள் மாதத்துக்கு இரண்டாவது செத்துப்போகும். ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தும், திரை வராது. 'தூசி துடைக்க மாட்டாங்க, அவ்ளோதான்' என்று நான் திட்டிக்கொண்டே ரயில் ஏறுவேன். ஒருநாள் மெமரியைக் கழற்றிப் பார்த்தபோது தொடுமுனைகள் கன்னங்கரேலென்று கறுத்திருந்தன. அங்கே லேப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார்.

"தூசி இல்ல சார். காத்து. எங்க வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குகூட இப்படித்தான் கறுக்குது. தோல் டேனரி காத்து இந்தப் பக்கம் வீசற நாளுல கொலுசப் பாருங்க, தெரியும்."

பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். மெஷின் எழுந்துகொண்டது. அதற்குப் பிறகு ஆம்பூர் போகும்போதெல்லாம் பையில் நான்கு ரப்பர் இருக்கும். ஆனால் காட்பாடிக்குத் திரும்பியதும் நான் சொன்னது, "ஆம்பூர் மெஷினா, அதுல எப்பவும் ஏதாச்சும் கோளாறு இருக்கும்" என்பதுதான். காற்றைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆம்பூர் என்றால் பழுது என்ற பேச்சு எங்கள் கட்டிடத்தில் என்னால் பரவியது. அது எனக்குப் பின்னால் நன்றாக உதவியது. அதை நினைத்தால்தான் இன்றைக்குக் கூசுகிறது.

கிரிட்டில் வேலை அனுப்ப ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரம் என் ஒருவனிடம்தான் இருந்தது. போனில் தர மாட்டேன், தபாலில் தர மாட்டேன். ஆள் நேரில் வர வேண்டும். அடையாள அட்டையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன், முதல்வர் கடிதத்தைப் படிப்பேன், ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவேன். பிறகு நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நிற்க, அவர்கள் தங்கள் ரகசியச் சொல்லை அடிப்பார்கள். எல்லாம் முடிந்ததும் நான் ஒரு பட்டனைத் தட்டுவேன். அந்த நொடியிலிருந்து நான்கு ஊர் மெஷின்களும் அந்த ஆளை நம்பும். ஏன் நம்பும் என்றால் நான் சொன்னதால் நம்பும்.

ஆம்பூரிலிருந்து அப்படி நேரில் வந்த முதல் ஆள் மலர்விழி. அப்பா டேனரியில், அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில். ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது பாலாற்று ஓரக் கிணறுகளில் உப்பு எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்கிறது என்பது. நூற்றுச் சொச்சம் கிணறு. ஒவ்வொன்றிலும் அவளே போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறாள்.

"எதுக்கும்மா இத்தனை கிணறு?" என்று கேட்டேன்.

"எங்க தெருக் கிணறு பதிமூணு வருசம் முன்னாடி வரைக்கும் குடிக்கற தண்ணி சார். பக்கத்துத் தெருது இன்னும் நல்லாருக்குது. ஏன் இது கெட்டுச்சு, அது எப்ப கெடும்னு யாராலயும் சொல்ல முடியல. எல்லாத்தையும் சேத்துப் போட்டாதான் சார் தெரியும்."

அவளுடைய கணக்கு முப்பது மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். அவள் பயன்படுத்திய பழைய புரோகிராமுக்குப் பாதியில் நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. பொது மெஷின் இருக்கிறதே, அங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள், தைரியமாக அனுப்பு என்று நான்தான் சொன்னேன். சான்றிதழ் வாங்கிக்கொண்டு, "வர்றேன் சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குச் சில மாதம் கழித்து, மெஷின் கொடுத்த மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வைக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் முன்னால் எங்கள் கல்லூரி வேலை ஒன்று ஓடிக் காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து வரிசையில் வேறு வேலைகள் உட்கார்ந்திருந்தால் மானம் போகும். எபனேசர் சார் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

"அந்த ஒரு நாளைக்கு மட்டும் நம்ம வேலை முன்னாடி போனா என்ன ஆகும் பால்ராஜ்?"

"போக வைக்கலாம் சார். பொது மெஷின்லயும் நம்ம காலேஜ வீட்டுக்காரர்னு ஒரு வரி எழுதினா போதும். மத்தவங்க வேலை எழுந்துக்கும்."

அவர் பென்சிலைக் கையில் உருட்டினார். "ஒரு நாளைக்குத்தான்."

"ஒரு நாளைக்குத்தான் சார்."

"பாருங்க."

எழுதினேன். குழு வந்தது, எங்கள் வேலை பாய்ந்து போய் ஓடியது, கை தட்டினார்கள். மறுநாள் அந்த வரியை நான் அழித்திருக்க வேண்டும். அழிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மறந்துபோனேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மறுநாள் காலையில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், என்னை அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், ரூமுக்கு வந்து, "இன்னா பால்ராஜ், கிரிட்டு இப்ப ஜம்முனு பறக்குது! உங்க கை வச்சா தனிதான்" என்றார். அன்று மாலை இன்னொருவர் அதையே சொன்னார். ஃபைலைத் திறந்து, அந்த வரியைப் பார்த்து, அப்படியே மூடிவிட்டேன். நாளை அழிக்கலாம் என்று நினைத்தேன். எபனேசர் சாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழித்திருப்பேன் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லி அவர் தலையில் இதைக் கட்ட எனக்கு உரிமை இல்லை. அவர் கேட்டது ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் என்னுடையது.

எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சிக்காரர்கள் காலையில் வந்து டீ குடித்துவிட்டுப் பத்து மணி வாக்கில் வேலைகளை அனுப்புவார்கள். சனிக்கிழமை அனுப்பும் பெரிய வேலைகள் பெரும்பாலும் திங்கள் வரைக்கும் மெஷினை விடாது. அனுப்பிய உடனே பொது மெஷினில் உட்கார்ந்திருக்கும் வெளியூர் வேலை எழுந்துகொள்ளும். வேலையின் சொந்தக்காரருக்கு ஒரு மெயில் போகும்: 'உங்கள் வேலை நின்றது. மீண்டும் வரிசையில் சேர்க்கப்பட்டது.' ஏன் நின்றது என்பது என் திரையில் மட்டும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து மலர்விழி நேரில் வந்தாள். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருப்பாள் போல, நெற்றியெல்லாம் வியர்வை. பையிலிருந்து ஒரு நீளமான தாளை எடுத்து என் மேஜையில் விரித்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. வரிசை எண், தேதி, ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், எந்த மெஷின், காரணம். நாற்பத்தோரு வரி. கடைசிக் கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி.

"காரணம் மட்டும் தெரியல சார். ஆனா ஒன்னு பாத்தேன். புரோகிராம்ல தப்பு இருந்தா எப்பவும் ஒரே எடத்துலதானே சார் நிக்கணும்? இது அப்படி நிக்கல. ஒரு நாள் பாதில நிக்குது, ஒரு நாள் முக்கால்ல நிக்குது. ஆனா நேரம் பாருங்க சார். பத்து, பத்தேகாலு, பத்தரை. பத்து மணிக்கு அங்க இன்னாமோ ஆகுது சார்."

நான் நிறைய படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோளாறை இவ்வளவு சுத்தமாகப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்த ஆள் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஒரு வரி எழுதினேன், அழிக்கவில்லை, இதோ அழித்துவிடுகிறேன். அவ்வளவுதான். அவள் சண்டைகூடப் போட்டிருக்க மாட்டாள்.

ஆனால் அதைச் சொன்னால் ஆம்பூர் முதல்வருக்குப் போகும். அன்றைக்கு மேஜையில் அவர் கேட்ட கேள்வி சரியென்று ஆகும். 'உங்க கை வச்சா தனிதான்' என்று சொன்னவர்களுக்கு என் கையின் லட்சணம் தெரியும்.

"உங்க ஊர்லருந்து டேட்டா வர்ற லைன் சரியில்லம்மா. ஆம்பூர்ல எப்பவும் ஏதாச்சும் கோளாறுதான்" என்றேன்.

"டேட்டா மொதல்லயே முழுசா இங்க வந்துடுது சார். அப்புறந்தான் ஓடுது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அதுவும் சரி. அப்போது எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம்.

"அப்ப புரோகிராம்லதான் தப்பு. மெமரிய கொஞ்சம் கொஞ்சமா தின்னுது, ஒரு கட்டத்துல விழுந்துடுது. இத பாரும்மா, ஆராய்ச்சி பண்றவங்க மொதல்ல ஒன்னு கத்துக்கணும். தப்ப வெளில தேடக் கூடாது. உள்ள தேடணும். மெஷினு நல்லாதான் இருக்குது. நீ உன்னுத பாரு."

அந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம். எபனேசர் சார் வந்தார். "என்ன விஷயம்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அட்டவணையைக் குனிந்து பார்த்தார். விரல் நின்ற நேரங்களின் மேல் மெதுவாக இறங்கியது. நான், "புரோகிராம்ல மெமரி பிரச்சனை சார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய் ஷூவை மாட்டிக்கொண்டார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

மலர்விழி தாளை மடித்தாள். "காரணம் இன்னான்னு எழுதட்டும் சார்?"

"அத நீதான் கண்டுபிடிக்கணும்."

"சரி சார். நான்தான் சார் ஏதோ தப்பு பண்ணியிருப்பேன். உங்க டைம வேஸ்ட் பண்ணிட்டேன்." அவள் என்னை நம்பிவிட்டாள். அவளை நான்கு ஊர் மெஷின்களும் நம்புவதற்கு எந்தக் கை பட்டனைத் தட்டியதோ, அந்தக் கைக்காரன் பொய் சொல்வான் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

பிற்பாடு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டேன். புரோகிராமைப் பிரித்து முதலிலிருந்து எழுதினாளாம். அதிலும் நின்றது. மறுபடியும் எழுதினாளாம். ஒன்றரை வருடம். கடைசியில் வழிகாட்டி கண்டித்துச் சொல்ல, நூற்றுச் சொச்சம் கிணற்றைப் பதினொன்றாகக் குறைத்துக்கொண்டாள். சின்னக் கணக்கு, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும், மத்தியானம் அனுப்பினால் யாரும் எழுப்புவதற்கு முன்னால் ஓடிவிடும். பட்டம் வாங்கிவிட்டாள். நானும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். அந்த வரியை நான் கடைசிவரை அழிக்கவில்லை. கிளவுட் போட்டபோது பழைய சாஃப்ட்வேரை எடுத்தோம். அதோடு சேர்ந்து அதுவும் போனது.

இப்போது மூடுவிழாவுக்கு வருகிறேன். ஆம்பூர் கல்லூரி சார்பில் பேச வந்தவர் டாக்டர் மலர்விழி. கண்ணாடி போட்டிருந்தாள், தலையில் ஓரிரண்டு நரை. மேடையில் ஏறியதும் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த என்னைத் தேடிப் பார்த்துக் கும்பிட்டாள்.

"எங்க காலேஜ்ல நான் எந்த பேட்ச் எடுத்தாலும் மொத நாள் ஒன்னு சொல்லுவேன். தப்ப வெளில தேடாதீங்க, உள்ள தேடுங்கன்னு. இத எனக்குச் சொல்லிக் குடுத்தவரு இதோ உக்காந்திருக்காரு. சிஸ்டம் சார்."

கூட்டம் கை தட்டியது. நானும் எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டினேன். முன்பு முதல்வர்கள் பார்த்தபோது ஆட்டிய அதே தலை.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு என் மனைவி எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வார்டுல தப்பு ஊசி போட்டா மொதல்ல இன்னா பண்ணணும் தெரியுமா? டாக்டர்கிட்ட ஓடறது இல்ல, ஜெபம் பண்றது இல்ல. பேஷண்ட்டுக்கு இன்னா போட்டோம்னு எழுதி வைக்கணும். நீங்க போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"இவ்ளோ வருசம் கழிச்சா?"

"அதுக்கின்னா? அவ இன்னும் பசங்களுக்கு அதையே சொல்லிக்கினுதானே இருக்கறா?"

போனேன். ஆம்பூர் வண்டியில் ஏறும்போது பழக்க தோஷத்தில் பையில் ரப்பர் இருக்கிறதா என்று கை தடவியது. மலர்விழி தன் லேபில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ சொல்லப் போனவளைத் தடுத்து, நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. குழு வந்தது, வரி எழுதியது, அழிக்காமல் விட்டது, அவள் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பது, தெரிந்தே பொய் சொன்னது.

வெளியே ஆட்டோ ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப பத்து மணி?" என்றாள்.

"எங்க காலேஜ் ஆளுங்க வேலை அனுப்பற நேரம்."

"அப்ப நான் சொன்னது சரி."

"சரிதாம்மா. முழுக்க சரி."

"என் புரோகிராம்ல தப்பே இல்ல."

"இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழுவாள் என்று பயந்தேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"பதினோரு கிணத்துல எங்க தெருக் கிணறு இல்ல சார். அதுக்குத்தான் ஆரம்பிச்சேன். எங்கப்பா கேட்டுக்கினே இருந்தாரு, நம்ம கிணறு இன்னா சொல்லுது, நம்ம கிணறு இன்னா சொல்லுதுன்னு. எனக்கு அந்தளவுக்கு அறிவு பத்தலப்பான்னு சொன்னேன். அப்படியே நெனச்சிக்கினு போய்ட்டாரு."

மன்னிப்புக் கேட்கலாம் என்று ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அதைக் கேட்டால், அவள் 'பரவால்ல சார்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டில் ஆராய்ச்சி ஃபைல்கள். ஒன்றை உருவி, அதற்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். மடிப்பில் கிழிந்து பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நாற்பத்தோரு வரி. கடைசிக் கட்டம் அப்படியே காலி.

பேனாவை நீட்டினாள். "காரணம் எழுதுங்க சார்."

உட்கார்ந்தேன். முதல் வரியில், 'காட்பாடிக் கல்லூரி வேலைக்காக எழுப்பப்பட்டது. விதிக்குப் புறம்பானது. பால்ராஜ்' என்று எழுதினேன். கட்டம் சின்னது, எழுத்தை நெருக்கி எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது வரியில் மேற்படி என்று போட்டு, கீழே வரைக்கும் ஒரு கோடு இழுக்கப் பேனாவை வைத்தேன்.

"மேற்படி போடாதீங்க சார்" என்றாள். "ஒவ்வொன்னும் ஒவ்வொரு நாளு."

ஒவ்வொன்றாக எழுதினேன். அவள் எதிரில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது வரிக்கு வந்தபோது தாளின் மேல் விரலை வைத்தாள்.

"இது ஞாயித்துக்கிழமை சார். ஞாயித்துக்கிழமை உங்க காலேஜ் லீவாச்சே?"

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான். நின்ற நேரம் மத்தியானம் மூன்று மணி. கரண்ட் போயிருக்கலாம், ஜெனரேட்டர் மாறும்போது விழுந்திருக்கலாம், எங்கள் ஆள் யாராவது வீட்டிலிருந்து அனுப்பியிருக்கலாம். நாற்பத்தொன்றையும் என் பெயரில் எழுதிவிட்டுப் போய்விட்டால் எனக்குச் சுலபம்.

"இது இன்னான்னு எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"அப்ப தெரியலன்னு எழுதுங்க."

தெரியவில்லை என்று எழுதினேன். அன்றைக்கு என் மேஜையில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால்கூட அவள் தன்னை விட்டுவிட்டு வேறெங்காவது தேடியிருப்பாள். அவள் விரலை எடுத்தாள். நான் பதினெட்டாவது வரிக்குப் போனேன்.